இருநூறு மீற்றர்

ஸ்காபரோவிலிருந்து ரஜீவன் மச்சான் அனுப்பிய பெட்டிக்குள்
ஒரு வெள்ளை உருண்டை, ஒரு வெள்ளைக் கட்டை.
நூற்றிப்பத்து வோல்ட்.
அப்படியே எங்கள் கரண்டில் குத்தியிருந்தால் புகைந்திருக்கும்.
ட்ரான்ஸ்போமர் சுற்றிப் பொருத்தினேன்.
நாவற்குடாவில் றேடியோ திருத்துகிறவன் நான்.

கமரா வைத்தது வாங்குவோமா என்று
திருமலை வீதியில் விசாரித்தும் வந்தேன்.
முப்பத்தெட்டாயிரம். வைஃபை. போனில் படம்.
"பால் குடுக்கிற அறைக்குள்ள கமராவா?"
என்றாள் நிரோஜினி.
அத்தோடு முடிந்தது.
சத்தம் மட்டும் போதும் எங்களுக்கு.

பவளராணி மிஸ் ஸ்கூட்டியில் வந்தா.
என் அக்கா கட்டிவிட்டுப் போன ஏணையைப் பார்த்தா,
வளையில் கயிறு தேய்ந்த இடத்தையும் பார்த்தா.
"நித்திரைக்கு இது வேணாம்."
தலையணையை எடுத்தா. கரடிப் பொம்மையை எடுத்தா.
பஞ்சு மெத்தையைக் கையால் அமத்திப் பார்த்து
அதையும் எடுக்கச் சொன்னா.
இறுகின மெத்தையில் மல்லாக்கக் கிடத்தியதும்
மேசையில் வைத்த ஒரு றாத்தல் பாண் போல
மகள் தனியே கிடந்தாள்.
பார்க்கப் பாவமாக இருந்தது.
கேற்றடியில் ஹெல்மெட்டை மாட்டியபடி
மிஸ் திரும்பிச் சொன்னா:
"கதிரையில பால் குடுத்துக்கொண்டே கண்ணயராதீங்க.
அதுதான் பொல்லாதது."

இரவில் நான் முன்னறையில் ஈயம் ஒட்டுகிறேன்.
பக்கத்தில் அந்தக் கட்டை.
மகளின் மூச்சுக்கு அதன் பச்சைப் புள்ளிகள் ஏறி இறங்கும்.
வாவிக்குள் துடுப்பை இறக்கி
மறுமுனையில் காது வைக்கிறவர்கள் போல
அதில் காது வைத்திருப்பேன்.

பதினொராம் இரவு
இரண்டு பிள்ளைகள் மூச்சு விட்டன.

ஒன்று எங்களுடையது.
மற்றது கொஞ்சம் சளி பிடித்தது.
அதன் பின்னால் ஒரு பெண்:
"உறங்குங்களேன் என்ட வாப்பா, உம்மாக்கு ஏலாதே."

காத்தான்குடி.
இருநூறு மீற்றர் எட்டும் என்று பெட்டியில் போட்டிருந்தது.
இடையில் இரண்டு மதில்,
சின்ன வயதில் போகாதே என்று எங்களை மறித்த ஓர் ஒழுங்கை.
அலைக்கு யாரும் அதைச் சொல்லிவைக்கவில்லை.

பக்கவாட்டில் ஒரு சுவிட்ச், ஏ என்றும் பீ என்றும்.
மாற்றியிருக்கலாம்.

ஒன்று நாற்பது. மழை விட்டிருந்தது.
"காலெல்லாம் விறைச்சுப் போச்சு," என்றாள் அவள்.
"கதிரையிலயே கொஞ்சம் சாஞ்சிக்கிறன் வாப்பா."
உறிஞ்சும் ஓசை.
அது தளர்ந்தது.
அவள் மூச்சு நீண்டது.
பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக இறங்கின.

பேசுவதற்கு ஒரு பொத்தான் உண்டு. விரலை வைத்தேன்.
நடுச்சாமத்தில்
முகம் தெரியாத அறைக்குள் ஓர் ஆண்குரலா?
ஓடிப்போய் நிரோஜினியை உலுக்கினேன்.
தையல் ஆறாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்,
கேட்டாள்,
என் கையிலிருந்து பறித்தாள்.

"தங்கச்சி.
தங்கச்சி! புள்ளயத் தொட்டில்ல கிடத்திட்டுப் படுங்க."

எங்கள் அறையிலும் அதே குரல் ஒலித்ததில்
மகள் திடுக்கிட்டுக் கைகளை விரித்து மடக்கினாள்.

ஒன்றுமில்லை.

பிறகு கதிரை கிறீச்சிட்டது.
"யா அல்லாஹ்" என்றது ஒரு மூச்சு.
காலடி. துணி உரசல்.
பலகை மேல் ஏதோ மெத்தென இறங்கியது.
வெகுநேரம் கழித்து, காதுக்குள் சொல்வது போல:
"ஓம் அக்கா. கிடத்திட்டன்."

நிரோஜினி பதில் சொல்லவில்லை.
கட்டையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு
தெற்குச் சுவரையே பார்த்து நின்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது,
இத்தனை இரவும் அவளுக்கும் நாங்கள் கேட்டிருப்போம்.
லீசிங் காசு,
என் அக்கா, உன் தம்பி,
"நீ வந்த நாளிலிருந்து" என்று தொடங்குகிற எல்லாம்.

சுவிட்ச் இன்னும் ஏயில்தான் கிடக்கிறது.
சண்டையை மட்டும்
குசினிக்கு மாற்றிவிட்டோம்.